தலைகீழ் ஒன்பது

மாதத்தின் கடைசி நாள்.
ஆய்வுகூடத்தில் ஜெஸீமா சொன்னாள்,
"இண்டைக்கு அடிச்சிராத புள்ள, ராவைக்குக் குறையுதாம்."
அவளுடைய மச்சானின் கூட்டாளி பவுசர் ஓட்டுகிறான்.
இதைவிடப் பெரிய ஆதாரம் கல்முனையில் கிடையாது.

சிவப்பு விளக்கு முந்தின நாளே எரிந்துவிட்டது.
ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி
பெரியகல்லாற்றுக் கருவாட்டு மணத்தோடு
நாற்பதுக்கு மேல் போகாமல்
மாட்டுக்கும் வழிவிட்டு
களுவாஞ்சிகுடி வந்து சேர்ந்தேன்.
செட்டில் ஆளே இல்லை.
டிலக்சன் கதிரையில் சாய்ந்து போனில் கிரிக்கெட் பார்த்தான்.
என் காரைக் கண்டதும் தலையை ஆட்டினான்,
நாளைக்கு வா என்பதுபோல.
விக்கெட் விழுந்ததற்காகவும் இருக்கலாம்.

இரவு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.
முப்பது குறையும் என்றார் ஒருவர்.
பதினெட்டு, எழுதி வை என்றார் இன்னொருவர்.
கடைசியில் வந்தது
மூன்று ரூபாய்.

விடிய ஆறு மணிக்கு எனக்கு முன்னால் பதினான்கு வாகனம்.
அந்த மூன்று ரூபாய்க்குத்தான்
எல்லாரும் நித்திரையை விட்டு வந்திருந்தோம்.
ரெஜிபோம் பெட்டி கட்டிய மீன்காரர்
ஐஸ் உருகுது, ஐஸ் உருகுது என்று
எவரையும் பாராமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிலக்சன் ஏணியில் நின்றான்.
விலைப்பலகையின் கடைசித் தகரத்தைக் கழற்றினான்.
புது இலக்கம் தேடவில்லை.
ஒன்பதைத் தலைகீழாக்கி
நடுவில் ஒற்றை ஆணி அறைந்தான்.
இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
கொழும்பு ஒரு மாதம் கூடிப் பேசியதை
மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி
முடித்துவிட்டு இறங்கினான்.

என் முறை.
மூடி இடப்பக்கம். நான் நிறுத்தியது வலப்பக்கம்.
ஐந்து வருடமாக இதே கார், இதே பிழை.
கூரைக்கு மேலால் குழாயை இழுத்தான்,
போன மாதம் பூசிய பெயின்ற் முனகியது.
கார்ட் இழுக்கிற மெசின் வேலை செய்யாதாம்.
கைப்பைக்குள் காசு தேடக் குனிந்த நொடியில்தான்
"சைபர் பாருங்க மிஸ்."
நிமிர்ந்தேன். ஏற்கெனவே நூற்றிப் பதினாறு.
சைபர் இருந்திருக்கும்.
நம்புவதைத் தவிர வேறென்ன.

இரண்டாயிரத்துக்கு அடிக்கச் சொன்னேன்.
ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தி
மிச்சத்துக்கு ஒரு டொபி தந்தான்.
இஞ்சி டொபி. எனக்குப் பிடிக்காது.

போகும் வழியில் மனம் சும்மா இருக்கவில்லை.
நேற்றைய விலையில் இரண்டாயிரத்துக்கு எவ்வளவு,
இன்றைக்கு எவ்வளவு.
வித்தியாசம் அறுபத்தெட்டு மில்லிலீற்றர்.
தினமும் நான் பெயர் ஒட்டி அடுக்குகிற
சிறுநீர்ப் போத்தல் ஒன்று நிறையும்.
கொஞ்சம் கையில் சிந்தும்.

கோட்டைக்கல்லாறுப் பாலத்தில்
அதே மீன்காரர் பக்கத்தில் வந்து கத்தினார்:
"தங்கச்சி, மூடி! பெற்றோல் மூடி!"
திறந்த வாயோடு இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது என் கார்.
கையெழுத்து இடாப்பில் சிவப்புக் கோடு விழ
இன்னும் பதினொரு நிமிடம்.

கிறுகினேன்.
பாலத்திலிருந்து செட்டுக்கும் மறுபடி பாலத்துக்கும்
எத்தனை போத்தல் என்று
கணக்குப் பார்க்கப் போன மனதை
டொபியைப் பிரித்து வாயில் போட்டு நிறுத்தினேன்.

தூரத்திலேயே தெரிந்தான் டிலக்சன்.
மூடியை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டு
பலகைக்குக் கீழே நின்றான்.
கல்முனை பஸ் ஒன்று இரைந்து போனது.
அவன் தலைக்கு மேலே
தகரம் ஒரு சுற்றுச் சுற்றி
ஒன்பதில் வந்து நின்றது.